உயில், வாரிசு, புரொபேட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "ஆபீசில் இந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள், எங்கே வாங்குவது?" என்ற ரகம். எங்கே என்பதைவிட எதற்கு என்று முதலில் கேளுங்கள். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் வாரிசுகள் யார் என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் வங்கிப் பணம், பங்குகள், கடன் பத்திரங்கள் போன்றவற்றுக்கு. புரொபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் போடும் முத்திரை. ஒன்று கேட்கும் இடத்தில் இன்னொன்றைக் கொண்டு போய் நீட்டினால் மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

மயிலாப்பூரில் உள்ள வீட்டை அப்பா பதிவு செய்த உயில் மூலம் எனக்கு எழுதி வைத்தார். விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் "சென்னை சொத்து, புரொபேட் இல்லாமல் முடியாது" என்கிறார். பதிவான உயிலுக்கும் இது தேவையா?

அவர் சொல்வது நீண்ட காலம் சரியாக இருந்தது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆவது பிரிவு இருந்தது. அதன்படி சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள் (அவை நேரடியாக வழக்கு விசாரிக்கும் நகர எல்லைக்குள்) எழுதப்பட்ட இந்துக்களின் உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றிய உயிலுக்கும் புரொபேட் கட்டாயம். அதே அப்பா திருநெல்வேலியில் உட்கார்ந்து திருநெல்வேலி வீட்டைப் பற்றி எழுதியிருந்தால் தேவையில்லை. வெள்ளைக்காரன் போட்ட எல்லைக்கோடு இத்தனை காலம் நம் தலையில் இருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்த 213-ஐ எடுத்துவிட்டது. போனது கட்டாயம் மட்டுமே. புரொபேட் நடைமுறை அப்படியே இருக்கிறது, விரும்பினால் வாங்கலாம். உங்கள் அப்பா எப்போது காலமானார், ஏற்கெனவே மனு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதை எழுதவில்லை. திருத்தத்துக்கு முந்தைய விஷயம் என்றால் அந்தத் தேதிகளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதிவு பற்றி: உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவு செய்ததாலேயே அது நிரூபணமாகியும் விடாது. யாராவது எதிர்த்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

என் யோசனை: அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒத்துப்போனால் அவர்களையும் விற்பனைப் பத்திரத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பெரும்பாலான வாங்குபவர்கள் அதிலேயே சமாதானமாகிவிடுவார்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் புரொபேட் வாங்கிவிடுங்கள். மனுவோடு அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரம், சாட்சியின் பிரமாணப் பத்திரம் எல்லாம் போகும். மற்ற வாரிசுகள் சம்மதப் பத்திரம் கொடுத்தால் வேலை சுருங்கும். கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டு எதிர்த்தால் அது வழக்காக மாறிவிடும், அப்புறம் வருடக்கணக்குதான். அசல் உயில் நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்பதால் முன்கூட்டியே நகல் எடுத்து வையுங்கள்.

உயிலில் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) யார் என்றே எழுதவில்லை. இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் துபாயில். ஏதாவது வழி உண்டா?

உண்டு. எக்ஸிக்யூட்டர் என்று பெயர் குறிக்கப்பட்டவருக்குத்தான் புரொபேட் கிடைக்கும். அப்படி யாரும் இல்லாவிட்டால் "உயில் இணைத்த நிர்வாகக் கடிதம்" கேட்டு மனுப் போட வேண்டும். சொத்தைப் பெறுபவரே போடலாம், பலன் ஒன்றுதான். துபாய் சாட்சியிடம் இந்தியத் தூதரகத்தில் வைத்து இப்போதே பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். இருவருமே இல்லாத நிலை வந்தாலும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது சுற்றுப்பாதை.

அப்பா இறந்தார். அம்மா, நான், தங்கை. அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, 84 வயதில் எங்களோடு இருக்கிறார். வாரிசு சான்றிதழில் பாட்டி பெயரை விட்டுவிட்டால் வேலை சுலபம் என்று தரகர் சொல்கிறார். விடலாமா?

விடவே கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயும் உண்டு. தந்தைதான் இரண்டாம் வகுப்பு. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்தில் பாட்டி, அம்மா, நீங்கள், தங்கை நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு.

நாளைக்குப் பாட்டியும் உயில் எழுதாமல் போனால் அவர் கால் பங்கு உங்களுக்கு மட்டும் வராது. உங்கள் சித்தப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் பங்கு மூன்றாகப் பிரியும்: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, இறந்த மகனின் பிள்ளைகளான நீங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. மருமகளான அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. அதாவது வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு சித்தப்பா கையில். விற்கும்போது அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. பாட்டி மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000 உச்சம். பாட்டிக்கு விஷயம் புரிந்து செய்ய வேண்டும். புரியாமல் வாங்கிய கையெழுத்துதான் பின்னால் சண்டையாக வருகிறது.

திருச்சியில் அம்மாவின் எஃப்.டி. ஒன்பது லட்சம், நாமினி இல்லை. வங்கி மேலாளர் கோர்ட்டில் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறார்.

ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, நாமினி இல்லாத கணக்கில் 15 லட்சம் ரூபாய் வரை (கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம்) எளிய முறையில் தீர்க்க வேண்டும். தகராறு இல்லாதவரை வாரிசு சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் போதும். எழுத்தில் கேளுங்கள், கிளையில் ஒப்புகை வாங்குங்கள். காகிதங்கள் முழுமையானால் 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறை.

எஃப்.டி.க்குத் தம்பி நாமினி. "நாமினி நான்தான், பணம் எனக்குத்தான்" என்கிறான்.

வங்கி அவரிடம் கொடுப்பது சரி. அவர் வைத்துக்கொள்வது சரியில்லை. நாமினி என்பவர் வாரிசுகள் சார்பில் பணத்தை வாங்கி வைப்பவர். 1983-இல் சர்பதி தேவி வழக்கிலிருந்து 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய சக்தி யெஸ்தானி வழக்கு வரை உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி வருகிறது. விதிவிலக்கு, ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருப்பது. 2015 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் அவர்களுக்கே.

குழந்தை இல்லாத, கணவரை இழந்த அத்தை தஞ்சாவூரில் காலமானார். உயில் இல்லை. தாத்தா வழியில் வந்த வீடு, அவரே சம்பாதித்து வாங்கிய கடை இரண்டும் யாருக்கு?

வீடு தாத்தா இறந்தபின் வாரிசு முறையில் அத்தைக்கு வந்தது என்றால் அது தாத்தாவின் வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் பக்கம் வரும். தாத்தா உயிரோடிருக்கும்போது செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு, பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடை அவர் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கணவர் வீட்டார் அவரைத் திரும்பிப் பார்த்தார்களா, மருந்து வாங்கிக் கொடுத்தது யார் என்பதெல்லாம் சட்டத்துக்குக் கிடையாது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். இந்த நிலையில் உள்ள பெண்கள் வெள்ளைத்தாளிலாவது ஓர் உயில் எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிவிடலாம், முத்திரைத்தாள் தேவையில்லை.

அக்கா கனடாவில். பாகப்பிரிவினைக்கு அவர் வந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயருக்கோ நம்பிக்கையான வேறொருவர் பெயருக்கோ பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

அப்பாவின் பர்சனல் லோனை நான் கட்ட வேண்டுமா?

நீங்கள் ஜாமீன் போடவில்லை என்றால், அவர் விட்டுச் சென்ற சொத்தில் உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

தாத்தாவுக்கு வேறு எந்த வங்கியில் பணம் இருந்தது என்றே தெரியவில்லை.

பத்து வருடம் யாரும் தொடாத கணக்கு என்றால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். கிடைத்தால் அந்தந்த வங்கியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் எங்கும் போய்விடாது.