இரண்டு ஜமா ஒன்றானால், முதலில் மேளம் ஒன்றாகட்டும்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் அப்பா நாற்பது வருடமாகத் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, நடத்தினார். எங்களிடம் 13 பேர் இருக்கிறார்கள். பக்கத்து ஊர் ஜமாவை நடத்திய வாத்தியார் போன ஆவணியில் காலமாகிவிட்டார். அவருடைய ஆட்களில் 11 பேர் எங்களோடு சேர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கு 70 வயது. விடிய விடிய ஆட முடியவில்லை, என்னை நடத்தச் சொல்கிறார். எனக்கு 33 வயது. துரியோதனன் கட்ட இரண்டு பேர், மிருதங்கத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கர்ண மோட்சத்துக்கு இரண்டு நோட்டு இருக்கிறது. பங்கு விஷயத்தில் இப்போதே முணுமுணுப்பு. பங்குனியில் ஓர் ஊரில் பத்து நாள் பாரதக் கூத்து ஆட ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கியாகிவிட்டது. எதிலிருந்து தொடங்குவது? பெயர் என்ன வைப்பது, பதிவு செய்யலாமா? அப்பா பின்னால் உட்கார்ந்துகொண்டு சபை நடுவிலேயே சத்தமாகத் திருத்துகிறார், அவரை என்ன செய்வது?"

தம்பி, நீங்கள் பெயரைப் பற்றியும் துரியோதனனைப் பற்றியும் அதிகம் கவலைப்படுகிறீர்கள். அவை இரண்டும் அப்புறம். ஜமா ஒன்றாகும் இடம் மேளக்காரர்கள் உட்காரும் அந்தப் பெஞ்சுதான். ஒன்றாகாமல் போகும் இடம் பங்கு எழுதும் நோட்டு. இந்த இரண்டையும் தை பிறப்பதற்குள் சரிசெய்துவிட்டால் வேடக்காரர்கள் தானாக வழிக்கு வருவார்கள்.

ஏன் மேளம் முதலில்? வேடக்காரர் ஒரு காட்சியை ஆடிவிட்டு உள்ளே போய்விடுவார். மேளக்காரர் களரி கட்டுவதிலிருந்து, அதாவது கூத்து தொடங்கும் மேளத்திலிருந்து, விடியும்வரை எழுந்திருக்க மாட்டார். ஆடுபவன் எந்த இடத்தில் கிறிக்கி போட்டுச் சுழலுவான், எங்கே மூச்சு வாங்குவான், எந்த அடியில் பாட்டை நிறுத்தி வசனத்துக்குப் போவான் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழகியிருக்கும். உங்கள் மிருதங்கக்காரருக்கு உங்கள் 13 பேரின் காலும் தெரியும், வந்த 11 பேரின் கால் தெரியாது. புது ஆள் ஆடும்போது மேளத்தின் முடிப்பான தீர்மானம் அரைத் தாளம் தள்ளி விழுந்தால், ஊர்க்காரர் கண்ணுக்கு ஆடினவன்தான் தப்பு செய்தவனாகத் தெரிவான். அன்றைக்கே அவன் மனதில் "இது நம்ம ஜமா இல்லை" என்று விழுந்துவிடும்.

அதனால் மார்கழியில் பதினைந்து நாளாவது மாலை நேரத்தில் மேளத்தை மட்டும் உட்கார வையுங்கள். வேடமும் கட்டை அணிகலன்களும் வேண்டாம். ஒவ்வொரு வேடக்காரரும் வந்து தன்னுடைய திரைப் பிரவேசப் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் எதிர் ஜமாவின் மேளத்துக்கு ஆடிக் காட்டட்டும். கூத்தில் பொதுவாக ஒத்திகை என்று தனியாக வைப்பதில்லை, சபையிலேயே கற்றுக்கொள்வதுதான் நம் வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சிறுவயது முதல் ஒரே வாத்தியாரிடம் வளர்ந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

சுருதியை அந்தப் பதினைந்து நாளில் முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஒரு ஜமா ஐந்து கட்டையில் பாடிப் பழகியிருக்கும், இன்னொன்று நாலரையில். ஆர்மோனியக்காரர் எங்கே வேண்டுமானாலும் மாற்றி வாசித்துவிடுவார். முகவீணை ஊதுகிற கருவி, அதற்கு அது முடியாது, குழலின் அளவுதான் அதன் சுருதி. எனவே எந்த முகவீணைக்காரர் வாசிக்கப் போகிறாரோ அவருடைய சுருதிக்குத்தான் எல்லோரும் வரவேண்டும். மேல் சுருதியில் பாடிப் பழகியவர் அரைக் கட்டை இறங்குவதில் கஷ்டம் இல்லை. கீழே பாடியவரை மேலே ஏற்றினால் நாலாவது நாள் தொண்டை கட்டிவிடும். பத்து நாள் கூத்து கையில் இருக்கும்போது அது பெரிய ஆபத்து.

இரண்டு மிருதங்கம் இருப்பதை ஒரு பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. நடுராத்திரிவரை ஒருவர் மிருதங்கம், மற்றவர் டோலக். அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளட்டும். ஒரே மாதத்தில் 24 பேரின் ஆட்டமும் இருவர் கைக்கும் வந்துவிடும். பின்பாட்டையும் இப்படியே கலந்து நிறுத்துங்கள். வேடம் இல்லாதவர்கள் அவரவர் பழைய கூட்டாளியின் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள். முதல் சில இரவுகளில் யார் பக்கத்தில் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நாடகப் பாட்டும் வசனமும் எழுதிய பாட நோட்டு. இரண்டு கர்ண மோட்ச நோட்டையும் வெட்டி ஒட்டிப் புதிதாக ஒன்று செய்யவேண்டாம். இருவருக்கும் நெஞ்சில் பதிந்த வரி இருக்கிறது. புது நோட்டு யாருக்கும் சொந்தமில்லாத நோட்டாகிவிடும். கர்ண மோட்சம் அவர்கள் பாடம், வஸ்திராபரணம் உங்கள் பாடம் என்று நாடகத்துக்கு நாடகம் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பாடத்தை உங்கள் ஆட்கள் கற்கவேண்டும், அதுவும் நீங்கள் முதல் ஆளாக. வாத்தியார் மகன் வந்தவர்களின் காலடியில் உட்கார்ந்து கர்ணனும் மனைவி பொன்னுருவியும் வாதாடும் பொன்னுருவி தர்க்கத்தைப் பாடம் கேட்கிறான் என்ற செய்தி ஒரே நாளில் எல்லோருக்கும் போய்ச் சேரும். காலமான அந்த வாத்தியாரின் பாடம் அழியாமல் இருக்கும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு வரும். எனக்கு இதில் மிகவும் அக்கறை உண்டு. ஒரு வாத்தியார் போகும்போது அவரோடு எத்தனை விருத்தங்கள் போய்விடுகின்றன என்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். செல்போனில் இப்போதே பதிவு செய்து வையுங்கள்.

பாடம் மாறும்போது சபையில் தடுமாற்றம் வராமல் இருக்காது. ஒருவர் பழைய வரியை எடுப்பார், எதிரில் நிற்பவர் புது வரிக்குக் காத்திருப்பார். இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றப்போகிறவர் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன். ராஜாவிடமும் பேசலாம், ஊர்க்காரரிடமும் பேசலாம், எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம் என்ற உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. அறுந்த இடத்தை ஒரு கேள்வி கேட்டுச் சேர்த்துவிடுவார், பார்ப்பவர்கள் அதைப் பாடத்தில் இருப்பது என்றே நினைப்பார்கள். எனவே இந்த ஆண்டு கட்டியக்காரனுக்கு இளம் பையனைப் போடாதீர்கள். இரண்டு பாடமும் தெரிந்த, நல்ல சமயோசிதம் உள்ள ஆள் வேண்டும். வந்தவர்களில் அப்படி ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுவதும் புது ஜமாவின் முகமாக அவர்தான் தெரிவார்.

இப்போது துரியோதனனுக்கு வருவோம். பத்து நாள் பாரதத்தில் ராஜசூய யாகம், வஸ்திராபரணம், கிருஷ்ணன் தூது, பதினெட்டாம் போர் என்று துரியோதனனுக்கு நிறைய இரவுகள் இருக்கின்றன. ஒரே இரவை இருவருக்குப் பாதியாக வெட்டாதீர்கள், முழு இரவாகப் பிரியுங்கள். வஸ்திராபரணத்துக்குக் குரல் கனம் வேண்டும், பதினெட்டாம் போருக்கு உருக்கமும் வேண்டும். யாருக்கு எது என்பதை இருவரையும் உட்காரவைத்துப் பேசினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலை மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன்னால் நிற்கப்போவது யார் என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யவேண்டாம். சில ஊர்களில் இன்னார்தான் அந்த வேடம் கட்டவேண்டும் என்று வருடக்கணக்காக எதிர்பார்ப்பார்கள். தர்மகர்த்தாவிடம் முன்கூட்டியே போய்க் கேளுங்கள்.

இந்த ஆண்டு நீங்கள் பெரிய வேடம் கட்டாதீர்கள் என்றும் சொல்வேன். கிருஷ்ணன், சல்லியன், இந்த மாதிரி போதும். மீதி நேரம் பின்பாட்டில் நில்லுங்கள். அங்கே நின்றால்தான் முழுச் சபையும் உங்கள் கண்ணில் படும். மூத்தவர்கள் உங்களைப் போட்டியாளனாகவும் பார்க்கமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். 24 பேரும் ஒவ்வோர் இரவும் போனால் பங்கு தேய்ந்துவிடும். 16 பேர் போதும் என்ற கூத்துக்கு முறை வைத்து அனுப்புங்கள். ஒரு பேச்சுக்கு, ஓர் இரவுக்கு 32,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேன் வாடகை 5,000, டீ சாப்பாட்டுக்கு 1,000, உடுப்பு, கட்டை சாமான், அரிதாரம் வகைக்கு 2,000 போனால் மீதி 24,000. வாத்தியாருக்கு ஒன்றரைப் பங்கு, முக்கிய வேடமும் முன் மேளமுமாக நாலு பேருக்கு ஒன்றேகால், எட்டுப் பேருக்கு ஒரு பங்கு, கற்றுக்கொள்ளும் மூன்று பையன்களுக்கு அரைப் பங்கு. கூட்டினால் 16 பங்கு, ஒரு பங்கு 1,500 ரூபாய். பழைய ஆள், புது ஆள் என்ற பிரிவு இந்தக் கணக்கில் எங்கேயும் வரக்கூடாது. அன்றைக்கு அவர் என்ன செய்தாரோ அதற்குத்தான் பங்கு. கணக்கை விடிந்ததும் வேன் ஏறுவதற்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி படியுங்கள். கணக்கு நோட்டு, வந்தவர்களில் ஒருவர் கையில் இருக்கட்டும், பணம் உங்கள் ஆளிடம் இருக்கட்டும்.

முணுமுணுப்புக்குப் பாதிக் காரணம் பங்கே இல்லை, முன்பணம்தான். வந்த 11 பேரில் சிலர் பழைய வாத்தியாரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம். யாருக்கு எவ்வளவு என்று அந்த வாத்தியார் வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டே எழுதிவிடுங்கள். ஒரே பருவத்தில் பிடிக்காதீர்கள், இரண்டு மூன்று பருவமாகப் பிரியுங்கள். அவர்களுடைய பெட்டியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்தக் கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் எழுதி, ஒவ்வோர் இரவுக்கும் பெட்டிப் பங்கு என்று ஒரு தொகை அந்த வீட்டுக்குப் போகட்டும். மேலே சொன்ன 2,000 ரூபாயிலிருந்தே கொடுக்கலாம். காலமான வாத்தியார் செய்த கிரீடத்தை இன்னொரு ஜமாவில் யாரோ கட்டி ஆடும்போது, அந்த வீட்டுக்குக் கையில் ஏதாவது வருவதுதான் நியாயம்.

பங்குனி, சித்திரையில் ஒரே இரவில் இரண்டு ஊர் கேட்பார்கள். 24 பேர் இருக்கிறோமே, இரண்டு செட்டாகப் போகலாம் என்று ஆசை வரும். முதல் ஆண்டு வேண்டாம். அவசரத்தில் பிரிக்கும்போது பழைய கோட்டில்தான் பிரிப்பீர்கள், அவர்கள் ஒரு வேன், நீங்கள் ஒரு வேன் என்று. ஒரு ஜமா இப்படி இரண்டே இரவு பிரிந்து போய், மூன்றாம் இரவு சேரவே இல்லை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேளம் கலந்த பிறகு, அடுத்த வருடம் தாராளமாக இரண்டு செட் போங்கள்.

பெயருக்கு அதிகம் யோசிக்கவேண்டாம். இந்த வருடம் பேனரில் இரண்டு ஊர்ப் பெயரும் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அவர்கள் வழக்கமாக ஆடும் ஊர்களுக்கு அவர்களில் மூத்தவரை முன்னால் விட்டு நீங்கள் கூடவே போய்த் தாம்பூலம் வாங்குவது. ஊர்கள் ஜமாவைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, முகத்தால்தான் வைக்கின்றன. கருமாதிக்குக் கர்ண மோட்சம் கேட்டு வருபவர்களும் அப்படித்தான் வருவார்கள். பங்குனிக்கு முன்னால் அப்படி ஒரு இரவு கிடைத்தால் விடாதீர்கள், புது ஜமா முதலில் ஆடிப் பார்ப்பதற்கு அது நல்ல இடம்.

பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் இரு தரப்பும் இருக்கட்டும். ஆனால் அதைவிட அவசரம், 24 பேரில் யார் யார் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர் என்று பார்ப்பது. அது ஜமாவுக்கான பதிவு இல்லை, ஆளுக்கு ஆள் செய்யவேண்டியது. விடுபட்டவர்களுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்து கொடுங்கள். உடுப்பு, இசைக்கருவி வாங்க இயல் இசை நாடக மன்றத்தின் உதவியையும் விசாரியுங்கள்.

கடைசியாக அப்பா. அவரை வீட்டில் உட்காரவைக்க நினைக்காதீர்கள், அது அவருக்கும் ஜமாவுக்கும் நல்லதில்லை. அவர் கத்தித் திருத்துவதற்குக் காரணம் கை சும்மா இருப்பதுதான். தாளத்தை அவர் கையில் கொடுத்து மேளப் பெஞ்சில், அந்தப் புது மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். திருத்தவேண்டியதை அவர் தாளத்திலேயே திருத்திவிடுவார். வாயால் சொல்லவேண்டியது இருந்தால் விடிந்ததும், அரிதாரம் கலைக்கும் நேரத்தில், அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும். இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார். வந்தவர்களில் அவர் வயதுக்காரர் யாராவது இருப்பார், அவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.