ஜப்பானில் ஊருக்கு ஒரு பொம்மை: கேள்வி பதில்

ஜப்பானிய ஊர் மாஸ்காட்கள், அதாவது ஊருக்கு விளம்பரம் தேட வரும் வேஷப் பொம்மைகள், பற்றி வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, ஜப்பானில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பொம்மை கையசைக்கிறதே. இதை யார் ஆரம்பித்து வைத்தது?

இன்னார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. டோக்கியோ மாநகரக் காவல்துறையின் பிப்போகுன் 1987லேயே வந்துவிட்டது. திருவிழா, கண்காட்சி என்றால் நகராட்சிகளும் யாரையாவது ஒரு பெரிய வேஷத்துக்குள் ஏற்றி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. ஊர்ப் பழம், ஊர் மீன், ஊர்க் கோட்டை எல்லாவற்றையும் ஒரே உடம்பில் ஒட்டவைத்த வேஷங்கள். பார்த்தாலே கமிட்டி போட்டு முடிவெடுத்தது தெரியும். மியுரா ஜுன் என்ற ஓவியர் அவற்றைத் தேடித்தேடி ரசித்து, 'யுரு க்யாரா' என்று பெயர் வைத்தார். கொஞ்சம் தளர்வான, அசட்டுக்களை உள்ள பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று: சொந்த ஊர்ப் பாசம் தெரிய வேண்டும், நடை தடுமாற வேண்டும், பார்த்தால் செல்லம் கொஞ்சத் தோன்ற வேண்டும்.

அலை எழும்பியது 2007இல். ஷிகா மாகாணத்து ஹிகோனே கோட்டையின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு ஹிகோன்யான் என்ற வெள்ளைப் பூனையை இறக்கினார்கள். தலையில் கொம்பு வைத்த சிவப்புத் தலைக்கவசம், அந்தக் கோட்டையை ஆண்ட 'ஈ' என்ற பிரபு வம்சத்தின் படை அணிந்தது. பூனை வந்த கதையும் உண்டு: ஈ நாஒதாக்கா பிரபுவை ஒரு கோயில் பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டு, இடியிலிருந்து காப்பாற்றியதாம். ஹிகோன்யான் பெரிதாக ஒன்றும் செய்யாது. மெதுவாக வரும், திரும்பும், நிற்கும். அதற்கே கூட்டம் அலைமோதியது.

கே: கறுப்புக் கரடி குமாமோன் மட்டும் ஏன் உலகம் முழுக்கத் தெரிகிறது? மற்றதும் அழகாகத்தானே இருக்கிறது?

அழகு காரணமில்லை. நடத்தியவர்கள் கெட்டிக்காரர்கள்.

2011 மார்ச் 12 அன்று கியூஷு தீவின் ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை முழுமையாகத் திறந்தது. கரடியின் மாகாணமான குமாமோட்டோவுக்கு அதில் ஒரு பயம். ஒசாகாவில் ஏறுகிறவர் ஹக்காதாவில் இறங்குவார், இல்லையென்றால் கடைசி நிறுத்தமான ககோஷிமா வரை போவார். நடுவில் இருக்கும் நம்மை யார் பார்ப்பார்கள்? அதே மாகாணத்தில் பிறந்த திரைக்கதையாசிரியர் கோயாமா குண்டோவை ஆலோசகராகப் பிடித்தார்கள். அவர் வடிவமைப்பாளர் மிசுனோ மனாபுவிடம் ஒரு லோகோ கேட்டார். மிசுனோ லோகோவோடு ஒரு கரடியையும் வரைந்து கொடுத்தார். கியூஷு தீவில் காட்டுக் கரடியே கிடையாது என்பது தனி வேடிக்கை.

2010இல் குமாமோனை ஒசாகாவுக்கு 'வேலைக்கு' அனுப்பினார்கள். பத்தாயிரம் விசிட்டிங் கார்டு விநியோகிக்க வேண்டும் என்று உத்தரவு. பாதியில் கரடி காணாமல் போயிற்று. ஆளுநர் கபாஷிமா அவசரப் பத்திரிகையாளர் சந்திப்பு கூட்டி, பார்த்தவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் நாடகம்தான். 2013இல் இன்னொன்று: குமாமோனின் சிவப்புக் கன்னம் இரண்டும் தொலைந்துவிட்டன என்று தேடல் அறிவிப்பு. காரணம், அந்த மாகாணத்துத் தக்காளியும் தர்ப்பூசணியும் அவ்வளவு ருசியாம். கன்னமே கழன்று விழுந்துவிட்டதாம். மாகாணத்தின் சிவப்பு விளைபொருட்களை விற்க இப்படி ஒரு சாக்கு.

ஆனால் அசல் சூட்சுமம் உரிமையில் இருக்கிறது. உருவத்தின் உரிமையை மாகாணமே கையில் வைத்துக்கொண்டது. உள்ளூர் வியாபாரி விண்ணப்பம் போட்டால் கட்டணம் வாங்காமல் அனுமதி தந்தது. ஒரே நிபந்தனை, குமாமோட்டோவுக்கு அதனால் பெயர் கிடைக்க வேண்டும். தின்பண்டமென்றால் அந்த மண்ணின் விளைபொருள் அதில் இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட், சோயா சாஸ் புட்டி என்று எல்லாவற்றிலும் கரடி ஏறியது. குமாமோன் போட்ட பொருட்களின் விற்பனை 2011இல் சுமார் 250 கோடி யென், அடுத்த ஆண்டே 2,930 கோடி, 2019இல் 15,000 கோடியைத் தாண்டியது. ராயல்டி கேட்டிருந்தால் சின்னக் கடைக்காரர் யாரும் கிட்டவே வந்திருக்க மாட்டார்.

ஹிகோன்யான் விஷயத்தில் நேர்மாறு. வரைந்தவருக்கும் நகராட்சிக்கும் உரிமைத் தகராறு வந்து, வழக்கு வரை போய், பல வருட இழுபறிக்குப் பிறகுதான் சமரசம் ஆயிற்று.

கே: மேடம், வேஷத்துக்குள் இருப்பவர் யார்? சம்பளம் எவ்வளவு?

உள்ளே யாரும் இல்லை! அப்படித்தான் சொல்ல வேண்டும், அது மரியாதை. குமாமோனுக்குப் பதவி மட்டும் உண்டு: விற்பனைப் பிரிவு மேலாளர், மகிழ்ச்சிப் பிரிவு மேலாளர். 2013 அக்டோபரில் பேரரசர் தம்பதி குமாமோட்டோ வந்தபோது, பேரரசி மிச்சிகோவே கரடியைப் பார்த்து, "நீங்கள் ஒருவர்தானா?" என்று கேட்டுவிட்டார். கோடையில் அந்த வேஷம் அடுப்பு மாதிரி. அதனால் நிகழ்ச்சிகள் கொஞ்ச நேரமே நடக்கும், பக்கத்தில் கைபிடித்துக் கூட்டிப்போக ஒருவர் எப்போதும் நிற்பார்.

கே: ஃபுனாஷ்ஷி என்று மஞ்சளாக ஒன்று கத்திக் குதிக்கிறதே, அதுவும் அரசாங்கமா?

இல்லை, அதுதான் ருசிகரமான விஷயம். சிபா மாகாணத்து ஃபுனாபாஷி நகரம் பேரிக்காய்க்குப் பெயர் போனது. அங்கே இருக்கும் ஒருவர் தானே பேரிக்காய் வேஷம் தைத்துக்கொண்டு, அங்கீகாரம் கேட்டு நகராட்சிக்குப் போனார். கைவிரித்துவிட்டார்கள். 2013 வாக்கில் தொலைக்காட்சியைத் திறந்தால் அதுதான். மற்ற மாஸ்காட்கள் வாய் திறக்காது. இது ஓயாமல் பேசும், வாக்கியத்துக்கு வாக்கியம் பேரிக்காயின் பெயரை வாலாக ஒட்டும், தலைகால் தெரியாமல் துள்ளும். அதிகாரிகள் கட்டிக்காத்த அடக்கத்தையெல்லாம் போட்டு உடைத்ததால்தான் ஜனங்களுக்குப் பிடித்தது என்பது என் எண்ணம்.

கே: உருவத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிட முடியுமா?

நல்ல மாஸ்காட் என்றால் முடியும். எஹிமே மாகாணத்து இமாபாரியின் பாரிசானை எடுத்துக்கொள்ளுங்கள், மாஸ்காட்களுக்காக ஆண்டுதோறும் நடந்த இணையத் தேர்தலில் 2012இல் முதலிடம். குண்டுக் கோழிக்குஞ்சு, ஏனென்றால் இமாபாரி கோழி வறுவலுக்குப் பேர்போன ஊர். தலைக் கிரீடம் குருஷிமா ஜலசந்திப் பாலம். வயிற்றில் சுற்றிய பட்டை இமாபாரித் துண்டு, ஜப்பானில் நல்ல துண்டு என்றால் அந்த ஊர்ச் சரக்குதான். கையில் கப்பல் வடிவப் பணப்பை, கப்பல் கட்டும் தொழிலுக்காக. இத்தனையையும் சுமந்தும் குஞ்சு குஞ்சாகவே இருக்கிறது பாருங்கள், அதுதான் கைத்திறன்.

கே: பயமுறுத்துகிற மாஸ்காட்களும் உண்டாமே?

உண்டு. நகராட்சியே திவாலான ஹொக்கைடோவின் யூபாரியில் மெலன் குமா என்றொரு கரடி இருக்கிறது. தலை முழு முலாம்பழம், பல்லைக் காட்டி உறுமும், குழந்தைகள் அலறும். நாராவின் 1,300ஆம் ஆண்டு விழாவுக்கு வந்த செந்தோகுன் பிக்குச் சிறுவன்போல இருப்பான், தலையில் மான் கொம்பு. 2008இல் அறிவித்தபோது புத்தரை அவமதிக்கிறார்கள் என்று ஒரே எதிர்ப்பு. ஊர்க்காரர்கள் போட்டியாக மந்தோகுன் என்று ஒன்றையே உருவாக்கினார்கள். அந்தச் சண்டையே விளம்பரமாகி, செந்தோகுன் இன்றும் நாராவின் ஆள். 2025 ஒசாகா உலகக் கண்காட்சியின் (எக்ஸ்போ) மியாகு மியாகு கதையும் இதுதான். சிவப்பு உயிரணு வளையத்தில் கண்களாக முளைத்திருந்ததைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர்களே, பிறகு அதன் பொம்மைக்கு வரிசையில் நின்றார்கள்.

கே: தேர்தல் என்றீர்களே. அதில் கள்ள ஓட்டு உண்டா அக்கா?

இல்லாமலா! 2011இல் இணைய வாக்கெடுப்பு குமாமோனுக்குக் கிரீடம் சூட்டியதும், வென்ற ஊருக்குக் கூட்டம் வரும் என்று எல்லா ஊர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. 2015இல் போட்டியிட்டவை 1,700க்கும் மேல். 2018இல் யொக்காயிச்சி நகராட்சி தன் கோன்யூதோகுன் ஜெயிக்க வேண்டும் என்று ஏராளமான கணக்குகளைத் திறந்து ஊழியர்களை வைத்து வாக்குப் போட வைத்தது வெளியே வந்தது. வாக்குகளைக் கழித்த பின் மூன்றாமிடம். முதலிடம் ஷிக்கி நகரத்துக் கப்பாருவுக்குப் போனது. போட்டி 2020இல் முடிவுக்கு வந்தது. கடைசி வெற்றி, 2011 சுனாமியில் சின்னாபின்னமான ரிக்குசென்தக்காதா ஊரின் யுமெச்சானுக்கு.

கே: நீர்நாய் ஒன்று இரண்டாகி நகராட்சிக்குத் தலைவலியானதாமே?

கொச்சி மாகாணத்து சுசாக்கி. அங்கே ஷின்ஜோ ஆற்றில் 1979இல் கண்ணில் பட்டதுதான் ஜப்பானிய நீர்நாய் கடைசியாக உறுதிப்பட்டது. 2012இல் அரசு அந்த இனம் அழிந்ததென அறிவித்தது. அந்த நினைவில் பிறந்தது நகராட்சியின் ஷின்ஜோகுன், தலையில் மண்சட்டி ராமென் நூடுல்ஸ் வடிவத் தொப்பி. பிறகு அதேபோன்ற தோற்றத்தில் சீத்தான் என்ற தனியார் நீர்நாய் வந்து, கண்டபடி விழுந்து புரண்டு, ஆபத்தான வேலைகள் செய்து இணையத்தில் புகழ் பெற்றது. இரண்டும் ஒன்றென நினைத்த மக்கள் நகராட்சியைத் திட்ட ஆரம்பித்தார்கள். 2019இல் சீத்தானிடமிருந்து, தான் தந்திருந்த சுற்றுலாத் தூதர் பட்டத்தைப் பறித்தது சுசாக்கி. உரிமை யாரிடம் என்று மறுபடியும் அதே கதை.

கே: மோகம் தீர்ந்துவிட்டதா?

சின்ன ஊர்களில் பல வேஷங்கள் அலமாரியில் கிடக்கின்றன. துவைக்க, தைக்க, ஆள் போட எல்லாவற்றுக்கும் வரிப்பணம் வேண்டும். ஒசாகா மாகாணமே 2014இல் தன் மாஸ்காட்களின் எண்ணிக்கை அதிகம் என்று சொல்லி, மோசுயான் என்ற ஒன்றை முன்னுக்கு நிறுத்தியது. ஆனால் ஊர் நம்பும் ஒரு பொம்மை எளிதில் ஓய்வதில்லை. 2016 ஏப்ரல் குமாமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு குமாமோன் வெளியே வராமல் இருந்தது. மே 5, குழந்தைகள் தினத்தன்று மறுபடி வந்தபோது முகாமில் இருந்தவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.

கே: அடுத்த மாதம் போகிறோம், பையனுக்கு ஐந்து வயது. எங்கே பார்க்கலாம்?

இரண்டு இடம் நிச்சயம். ஹிகோனே கோட்டையில் ஹிகோன்யான் நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வரும். குமாமோட்டோ நகரின் குமாமோன் ஸ்கொயரில் கரடிக்குத் தனி அலுவலக மேஜையே இருக்கிறது, ஆனால் வெளியூர் வேலையில் போயிருக்கலாம். இரண்டுக்கும் நேர அட்டவணையை முன்கூட்டியே இணையத்தில் பாருங்கள். யூபாரிப் பக்கம் போனால் மெலன் குமாவிடம் பையனைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.