சாய்வு வெட்டும் லேசர்: மாதத்துக்கு எத்தனை மீட்டர் வேலை இருக்கிறது?

கேள்வி: சேலம் உருக்காலைக்குச் செல்லும் சாலையில் பட்டறை நடத்துகிறோம். ஜவ்வரிசி ஆலைகளுக்கான தொட்டிகள், போர்வெல் லாரிகளுக்கான சட்டங்கள், அனல்மின் நிலையப் பராமரிப்புக்கான தாங்கிகள் ஆகியவை எங்கள் வேலை. பெரும்பாலும் 10 முதல் 25 மி.மீ. வரையிலான தகடுகளும், எப்போதாவது 40 மி.மீ. தகடும் வரும். இப்போது கேஸ் கட்டிங்கில் நேராக வெட்டிவிட்டு, பக் மெஷினாலும் (தண்டவாளத்தில் ஓடும் கேஸ் கட்டிங் வண்டி) கிரைண்டராலும் வெல்டிங்குக்காக ஓரத்தைச் சாய்க்கிறோம். 45 டிகிரி வரை சாய்ந்து வெட்டும் தலை பொருத்திய 12 கிலோவாட் ஃபைபர் லேசர் ஒன்றை விற்பனையாளர் காட்டினார். 30 மி.மீ. வரை வெட்டும் என்கிறார். விலை வரிக்கு முன் ஒன்றரைக் கோடி ரூபாய். கடன் வாங்கியாவது வாங்கலாமா?

பதில்: அந்த 30 மி.மீ. என்னும் எண்ணிலிருந்து தொடங்குவோம். அது தலை செங்குத்தாக நிற்கும்போது வெட்டக்கூடிய தடிமன். தலை சாய்ந்தால் கதிர் தகட்டைக் குறுக்காகக் கடக்க வேண்டும்; கடக்கும் தூரம் தகட்டின் தடிமனைவிடக் கூடுகிறது. 30 டிகிரிச் சாய்வில் 25 மி.மீ. தகடு ஏறத்தாழ 29 மி.மீ. ஆகவும், 45 டிகிரியில் 35 மி.மீ.க்கு மேலாகவும் மாறிவிடும். ஆகவே உங்கள் 25 மி.மீ. தகட்டை 30 டிகிரியில் வெட்டும்போதே அந்த இயந்திரம் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 45 டிகிரியில் தாண்டிவிடுகிறது. எல்லையில் நின்று வெட்டும் இயந்திரம் ஒரு மாதிரித் துண்டை நன்றாக வெட்டிக் காட்டும். ஆனால் அதே தரத்தை நாள் முழுவதும் தராது. 40 மி.மீ. வேலையை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அதற்குக் கேஸ் கட்டிங்தான் இன்றும் சிக்கனமான வழி.

அதற்காக லேசர் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லவில்லை. 10 முதல் 20 மி.மீ. வரையிலான தகட்டில், ஒரே அமைப்பில் வடிவத்தையும் போல்ட் துளைகளையும் சாய்ந்த ஓரத்தையும் வெட்டி எடுப்பதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். பிளாஸ்மாவில் (மின்வில்லால் சூடேற்றிய வாயுவைக் கொண்டு வெட்டும் முறை) துளையின் மேல்வாய் ஒரு அளவாகவும் கீழ்வாய் வேறு அளவாகவும் வரும் தொல்லை உண்டு. லேசரில் அது மிகவும் குறைவு. பல துளைகளுக்குத் தனியாக டிரில்லிங் தேவைப்படாது. துளையும் சாய்வும் ஒரே பாகத்தில் அடிக்கடி வருகிற பட்டறைக்குத்தான் இந்த இயந்திரம் முழுப் பயன் தரும். சாய்வு மட்டும் வேண்டும், துளை இல்லை, நீளம் முழுவதும் நேர்க்கோடு என்றால், ஓரத்தைச் சீவும் சிறிய பெவலிங் மெஷினே அந்த வேலையைப் பல மடங்கு குறைந்த முதலீட்டில் செய்துவிடும்.

சரியான சாய்வால் மிச்சமாவது கிரைண்டிங் கூலி மட்டும் அன்று. 20 மி.மீ. தகடுகள் இரண்டை மொத்தம் 60 டிகிரி வரும் வி வடிவ இணைப்பாகச் சேர்த்தால், தகடுகளுக்கு நடுவே விடும் இடைவெளியையும் ரூட்டில் (இணைப்பின் அடியில்) சாய்க்காமல் விடும் நேர்ப்பகுதியையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ வெல்டிங் உலோகம் நிரப்ப வேண்டும். அதையே இரு புறமும் சாய்த்து எக்ஸ் வடிவமாக்கினால் அது 0.9 கிலோவாகக் குறையும். கம்பி, வாயு, வெல்டரின் நேரம், வெப்பத்தால் தகடு வளைவது ஆகிய எல்லாமே அதோடு சேர்ந்து குறைகின்றன. கையால் எக்ஸ் வடிவம் செய்வது சிரமம் என்பதாலேயே பல பட்டறைகள் வி வடிவத்தோடு நின்றுவிடுகின்றன. இரு புறமிருந்தும் வெல்டிங் செய்ய இடமுள்ள பாகங்கள் உங்களிடம் எத்தனை என்று பாருங்கள். லேசரின் உண்மையான வருமானம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒய் (அடியில் நேர்ப்பகுதி விட்ட வி), எக்ஸ் வடிவங்களுக்குத் தலை ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை செல்ல வேண்டும். முதல் வெட்டு உண்டாக்கிய இடைவெளிக்குள் இரண்டாம் வெட்டின் உருகிய உலோகமும் வாயுவும் சிதறிப் பாய்வதால், கசடு ஒட்டுவதும் ஓரம் கெடுவதும் அங்கேதான் அதிகம். விற்பனையாளர்கள் பெரும்பாலும் வி வடிவத்தையே வெட்டிக் காட்டுவார்கள். நீங்கள் ஒய் வடிவத்தையும் எக்ஸ் வடிவத்தையும் கேளுங்கள்.

இனி பணம். ஒன்றரைக் கோடி ரூபாயை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 3 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், மணிக்குச் சுமார் 1,600 ரூபாய் தவணைக்கே போகிறது. தகடு ஏற்றுவது, துளையிட்டுத் தொடங்குவது, துண்டுகளை எடுப்பது ஆகியவை போக உண்மையில் கதிர் எரியும் நேரம் பாதிதான் என்றால், வெட்டும் ஒவ்வொரு மணிக்கும் அது 3,200 ரூபாய் ஆகிவிடும். மின்சாரம், ஆக்சிஜன், நைட்ரஜன், பாதுகாப்பு லென்ஸ், நாசில், ஆப்பரேட்டர் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பது 27 லட்சம் ரூபாய். அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் விற்பனை வரி அந்த அளவுக்கு வரும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். அந்த வரித்தொகையின் மீது தேய்மானமும் காட்டினால் வரிக் கழிவு கிடைக்காது என்பதை ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எனவே கடந்த 12 மாத வரைபடங்களை எடுத்து, தடிமன் வாரியாக, கோண வாரியாகச் சாய்வு வெட்டின் நீளத்தை மீட்டரில் கூட்டுங்கள். இன்று ஒரு மீட்டர் சாய்வுக்குக் கேஸ், கிரைண்டிங் டிஸ்க், ஆள் நேரம், கூடுதல் வெல்டிங் கம்பி, திருத்த வேலை ஆகியவை சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்று எழுதுங்கள். இந்தக் கணக்கு கையில் இல்லாமல் ஒன்றரைக் கோடிக் கடனில் கையெழுத்திடுவதை நான் ஒப்ப மாட்டேன். ஒரு ஷிப்டைக்கூட நிரப்ப முடியாது என்று கணக்கு சொன்னால், ஓராண்டுக்கு அந்தப் பாகங்களை வெளியில் ஜாப் ஒர்க்காக வெட்டி வாங்குங்கள். அந்தச் செலவுப் பில்களே பிறகு வங்கியில் காட்டுவதற்கு நம்பகமான ஆதாரமாகும்.

பட்டறையின் நிலையையும் சொல்ல வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் காற்றின் வெப்பம் வெளியில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். சில்லரின் (லேசருக்கான நீரைக் குளிர்விக்கும் கருவி) திறன் எந்த வெளி வெப்பத்தில் கணக்கிடப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். மழைக்காலத்தில் தொல்லை வேறு வகையானது: குளிர்ந்த நீர் ஓடும் பகுதிகளின் மீது ஈரம் படிந்தால் லேசர் சோர்ஸ் (கதிரை உண்டாக்கும் பெட்டி) பாழாகும், அதற்குக் குளிரூட்டிய, ஈரம் கட்டுப்படுத்திய அறை வேண்டும். கிரைண்டிங் நடக்கும் கூடத்திலேயே லேசரை வைப்பது கூடாது. அந்தத் தூசு லென்ஸில் படிந்தால் வெப்பம் தேங்கிக் கண்ணாடி வெடிக்கும். ஃபைபர் சோர்ஸ் தான் எடுக்கும் மின்சாரத்தில் 30 முதல் 40 சதவீதம் வரைதான் ஒளியாக மாற்றுகிறது. 12 கிலோவாட் ஒளிக்கு 30 முதல் 40 கிலோவாட் தேவை. சில்லர், கம்ப்ரஸர், புகை உறிஞ்சி, மோட்டார்கள் தனி. இப்போதுள்ள மின் இணைப்பு தாங்குமா, உயரழுத்த இணைப்புக்கு மாற வேண்டுமா என்பதை ஆர்டருக்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

உங்கள் விவரங்களை மட்டும் வைத்துச் சொன்னால், இந்த 12 கிலோவாட் இயந்திரத்தை 20 மி.மீ. வரைக்கான இயந்திரமாக எண்ணி, அந்த வேலை ஒன்றரை ஷிப்டையாவது நிரப்புமானால் வாங்குங்கள். 25 மி.மீ. தகடுதான் உங்கள் முதன்மை வேலை என்றால் ஐந்து அச்சுப் பிளாஸ்மா இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: ஓமலூரில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். லேசரில் சாய்த்து வெட்டிய ஓரத்தை அப்படியே பற்றவைக்கலாம், கிரைண்டிங் தேவையே இல்லை என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: எந்த வாயுவில் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்சிஜனில் வெட்டினால் ஓரத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். பெயின்ட் அடிக்கும் பாகங்களில் அந்தப் படலம் பெயின்டோடு சேர்ந்து உரிந்துவிடும். ஆகவே அதை நீக்கியே தீர வேண்டும். வெல்டிங்கிலும் படலத்தை நீக்கிவிடுவதே பாதுகாப்பு. நைட்ரஜனில் வெட்டிய ஓரம் ஆக்சைடு இல்லாமல் இருக்கும். ஆனால் தடித்த தகட்டுக்கு மிகுந்த வாயுவும் மிகுந்த கதிர்த்திறனும் வேண்டும். அழுத்தக் காற்றில் வெட்டுவது மலிவு. அந்த ஓரத்தில் ஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்து படிவதால் வெல்டிங்கில் நுண்துளைகள் வர வாய்ப்புண்டு. எனவே முதலாளியிடம் 'கிரைண்டிங் இல்லை' என்று சொல்லாமல், 'வடிவம் கொடுக்கும் கிரைண்டிங் இல்லை, சுத்தம் செய்யும் கிரைண்டிங் கொஞ்சம் உண்டு' என்று சொல்லுங்கள்.

மாதிரி வெட்டைப் பார்க்கப் போகும்போது நீங்களும் போக வேண்டும். உங்கள் முற்றத்தில் மழையில் கிடந்து துரு ஏறிய ஐ.எஸ். 2062 கட்டமைப்பு எஃகுத் தகட்டையே எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பளபளப்பான தகடு எதையும் நிரூபிக்காது. வெட்டியதைக் கோணமானியால் நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள், ஏனெனில் தலை திரும்பும் மூலையில்தான் கோணம் வழுவும். ரூட்டில் விட்ட நேர்ப்பகுதி நீளம் முழுவதும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதும் முக்கியம். வெப்பத்தால் வெட்டிய பரப்பின் தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9013, இணைப்பு வடிவங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 9692-1 என்னும் தரநிலைகள் உள்ளன. ஏற்கத்தக்க அளவை அவற்றின்படி எழுதிக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது. கடைசியாக, அங்கு வெட்டிய துண்டுகளை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து, உங்கள் வெல்டரே பற்றவைத்து, அல்ட்ராசோனிக் சோதனையும் வளைவுச் சோதனையும் செய்து பாருங்கள்.

கேள்வி: மேச்சேரியில் எங்கள் நிறுவனம் வாங்கிய வெட்டு இயந்திரம் ஆறு மாதத்தில் மூன்று முறை நின்றுவிட்டது. விற்றவர் வருவதே இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? அடுத்து லேசர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. தன் பிழைப்புக்காக, சுயதொழிலில், தானே பயன்படுத்த வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. முந்தைய சட்டத்தின் கீழ் 1995 ஆம் ஆண்டு லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், ஒரு பட்டறை வாங்கிய இயந்திரத்தைப் பற்றியே உச்ச நீதிமன்றம் இந்த எல்லைக்கோட்டை வகுத்துக் கொடுத்தது. ஆட்களை வைத்து ஒரு நிறுவனமாக நடத்தும் உங்களுக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம். 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பிணக்கு என்றால் வணிக நீதிமன்றம்தான் வழி. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத நிலையில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

ஆகவே அடுத்த முறை உங்கள் பாதுகாப்பு முழுவதும் ஆர்டர் தாளிலேயே இருக்க வேண்டும். எந்தத் தகடு, என்ன தடிமன், என்ன கோணம், எந்த வடிவம், என்ன வேகம் என்று நோக்கத்தை எழுதுங்கள். வாங்குபவர் நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16 சொல்கிறது. வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாமல் தோற்றுப்போகும் பட்டறைக்காரர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பணத்தில் ஒரு பகுதியை, உங்கள் இடத்தில் உங்கள் தகட்டை வெட்டி ஏற்பு கையெழுத்தான பிறகே தருவதாக எழுதுங்கள். வாரண்டி, இயந்திரம் வந்து இறங்கிய நாளிலிருந்து அன்றி, அந்த ஏற்பு நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஐ.பி.ஜி., ரேக்கஸ், மேக்ஸ் என்று சோர்ஸ் ஒரு நிறுவனத்துடையதாகவும், சாயும் தலை வேறொருவருடையதாகவும், கட்டுமானம் மூன்றாமவருடையதாகவும் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் பில்லில் வாங்குங்கள். சாயும் தலை பழுதானால் எங்கே சரிசெய்வார்கள், அதுவரை மாற்றுத் தலை தருவார்களா என்று கேளுங்கள். தகட்டில் பாகங்களை அடுக்கித் திட்டமிடும் நெஸ்டிங் மென்பொருளில் சாய்வுப் பகுதி விலையில் அடங்குமா, ஆண்டுக் கட்டணமா என்பதும் எழுத்தில் வேண்டும். பிணக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்னும் வரியைக் கடைசியாகப் படிக்காதீர்கள், முதலில் படியுங்கள்.

கேள்வி: மூடிய அறை இல்லாத திறந்த மேடை இயந்திரம் பல லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. ஆப்பரேட்டருக்கு வெல்டிங் கண்ணாடி கொடுத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. ஃபைபர் லேசரின் கதிர் 1.07 மைக்ரோமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் விழித்திரை வரை நேராகச் சென்று குவியும். பட்டுத் தெறித்த கதிரே பார்வையைப் பறிக்கப் போதுமானது. இமைக்கவும் நேரம் இருக்காது. நேராக வெட்டும் தலையில் கதிர் கீழ்நோக்கியே செல்லும். சாயும் தலையிலோ அது பக்கவாட்டில் சாய்ந்து பாய்வதால், ஆப்பரேட்டர் மட்டுமின்றி அடுத்த மேடையில் கிரைண்டர் பிடித்து நிற்பவரும் ஆபத்தில் இருக்கிறார். வெல்டிங் கண்ணாடி இந்த அலைநீளத்துக்காகச் சோதிக்கப்பட்டது அன்று. முழுதும் மூடிய அறை, கதவு திறந்தால் கதிரை நிறுத்தும் பூட்டு, அலைநீளமும் தடுப்பு அளவும் பொறித்த பார்வைக் கண்ணாடி ஆகியவை இல்லாத சாய்வு வெட்டு இயந்திரத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.