திருகோணமலை வெயிலில் ஓர்க்கிட் பூக்குமா? முதலில் இனத்தைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது: திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் பெயர் தெரியாத மூன்று ஓர்க்கிட் நிற்கின்றன. இலையெல்லாம் நல்ல கரும்பச்சை, ஆனால் வருடக்கணக்காகப் பூவில்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தை அப்புறம் பார்ப்போம். இலை கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. வெளிச்சம் போதாத செடியின் இலைதான் அப்படிக் கறுத்து நிற்கும். பூக்கத் தயாரான செடியில் இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் ஓடி இருக்கும். அதற்காக மூன்றையும் தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள். எது எந்த இனம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வெயில் தாங்கும் என்று சொல்ல முடியும்.

பூ இல்லாமலே இனத்தை ஓரளவு பிடித்துவிடலாம். செடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று பாருங்கள். அடியிலிருந்து பக்கத்தில் புதுத் தண்டு விட்டுக்கொண்டே போனால், தண்டும் கணுக்கணுவாகத் தடித்திருந்தால், பெரும்பாலும் டென்ட்ரோபியம். ஒரே தண்டு மேலே மேலே போய், இரு பக்கமும் வார் மாதிரி இலை அடுக்கி, இடையிடையே தடித்த வேர் தொங்கினால் வண்டா வகை. தண்டே தெரியாமல் அகலமான, தடித்த சில இலைகள் மட்டும் சட்டியில் படிந்திருந்தால் ஃபலனொப்சிஸ்.

ஃபலனொப்சிஸ் என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பூந்தண்டு விடுவதற்குச் சில வாரம் குளிர்ச்சி வேண்டும், இரவு 20 பாகைக்குக் கீழே இறங்கினால் மிக நல்லது. 28 பாகைக்கு மேலேயே வெப்பம் நின்றால் பூந்தண்டு தொடங்காது. எங்கள் ஊரில் தை மாதத்து இரவே 24 பாகை அளவில்தான் நிற்கிறது. மலைநாட்டில் பூத்த நிலையில் வாங்கி வந்த செடி இங்கே இலை மட்டும் விடுவதற்கு இதுதான் காரணம், உங்கள் கவனிப்பில் குறையில்லை. மாரியில் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வாய்ப்பு உண்டு.

வண்டா அப்படியல்ல, இந்த ஊருக்கென்றே வந்த செடி. வண்டா டெசலாட்டா நமது வறண்ட வலயக் காட்டு மரங்களிலேயே தொற்றி வளர்கிறது. மங்கலான பழுப்பு இதழில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஊதா உதடு, நல்ல வாசம். (காட்டில் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள், பிடுங்கி வராதீர்கள். நர்சரியில் கிடைக்கிற செடிகள் போதும்.) வளர்ச்சி மட்டும் மிக மெதுவு. வருடத்தில் சில இலைதான் விடும். என்னிடம் உவர்மலை வீட்டில் தொங்குகிற வண்டாக்களைக் காலையில் பத்து மணி வரை நேர் வெயில் படும்படியும் அதற்குப் பிறகு நிழல் வலைக்குள் வரும்படியும் கட்டியிருக்கிறேன். நிழலில் இருந்த செடியை வாரம் வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். மத்தியானம் இலையைத் தொட்டுப் பாருங்கள், கையில் சூடு தெரிந்தால் வெயில் அதிகம்.

இலைக் கக்கத்தில் ஒரு முளை வந்தால் வேரா பூந்தண்டா என்று தவிப்போம். வேரின் நுனி உருண்டு மொழுமொழு என்று பளபளக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, சின்னச் செதில் மூடி இருக்கும்.

வண்டா வகையிலேயே பென்சில் தடிப்பில் உருண்ட இலையோடு ஏறுகிற செடியும் உண்டு, 1981 இல் சிங்கப்பூர் தேசிய மலராக அறிவித்த மிஸ் ஜோக்கிம் மாதிரியானது. அதற்கு முழு வெயில் வேண்டும். நுனி தாங்குகம்பைத் தாண்டி மேலே போனால்தான் பூக்கும். கம்பு நீளமாக இருந்தால் அது ஏறிக்கொண்டேயிருக்கும், பூவைக் காணமாட்டீர்கள்.

டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள். நீரும் சத்தும் அதில்தான் சேமிப்பில் இருக்கின்றன, மொட்டைத் தண்டிலேயே பூ வருவதும் உண்டு. இந்த இனத்தில் எனக்கு மிகப் பிடித்தது புறா ஓர்க்கிட். நீண்ட வெக்கைக்குப் பிறகு மழை கொட்டித் திடீரென்று குளிர்ந்தால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் அளவில் அக்கம்பக்கத்துச் செடிகளெல்லாம் ஒன்றாகப் பூக்கும். வெள்ளைப் பூ, ஒரே நாள்தான் இருக்கும்.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வேர் காய்ந்து சுருங்கிவிடும். வெள்ளி நிற வேர் பச்சையாகும் வரை காலையும் மாலையும் நனையுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் வேரில் வெள்ளையாகப் படியும், மாரியில் மழைநீரைப் பிடித்து வையுங்கள். சட்டியில் மண் வேண்டாம், கரியும் ஓட்டுத் துண்டும் பொச்சுமட்டையும் போதும்.

இனி உரம். நைதரசன் கூடிய உரம் இலையைத்தான் வளர்க்கும், உங்கள் செடிகளில் இலைக்குக் குறைவில்லை. அல்பர்ட் கரைசலை (நீரில் கரைத்துப் போடும் கலப்பு உரம்) பொதியில் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்து, வேர் நனைந்த பிறகு, வாரம் ஒருமுறை தெளியுங்கள். பூந்தண்டு தெரிந்தால் செடியை இடம் மாற்ற வேண்டாம், மொட்டு உதிர்ந்துவிடும்.