1880-களில் நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்ற முன்னோரின் கப்பல் பதிவை எங்கே தேடுவது?

முதலில் அமெரிக்கப் பட்டியல்களை விட்டுவிட்டு, நார்வேயின் காவல்துறை வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேடுகளைப் பாருங்கள். கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) 1867 முதலும் பெர்கனில் 1874 முதலும் உள்ள இப்பதிவேடுகள், தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர், வயது, சொந்த ஊர், சேருமிடம், புறப்பட்ட நாள் ஆகியவற்றைப் பொதுவாக இவற்றில் காணலாம்.

அங்கே குறிப்பிடப்படும் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல் என்று உடனே முடிவுசெய்துவிட வேண்டாம். அக்காலத்தில் பெரும்பாலானோர் சிறிய கப்பலில் வடகடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கிருந்துதான் பெருங்கப்பல் ஏறினார்கள். ஆகவே, நார்வேயில் புறப்பட்ட நாளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பிந்தைய நியூயார்க் வருகைப் பட்டியல்களைத் தேடுவதே பயன் தரும். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், 1880-களில் வந்தவர்களை அதற்கு முந்தைய காசில் கார்டன் நிலையத்தின் பதிவுகளில்தான் தேட வேண்டும். கனடாவின் கியூபெக் வழியாக வந்தவர்களும் உண்டு.

உண்மையான சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. ஊலாவின் மகன் ஊல்சன், மகள் ஊல்ஸ்தாத்தர் என்று தந்தை பெயரே பின்னொட்டோடு வந்தது. அதனுடன் வாழ்ந்த பண்ணையின் பெயரும் சேர்ந்தது, பண்ணை மாறினால் அதுவும் மாறியது. எனவே குடும்பப் பெயரைக் கொண்டு தேடுவதைவிட, முதற்பெயர், பிறந்த ஆண்டு, திருச்சபை வட்டாரம் ஆகிய மூன்றையும் இணைத்துத் தேடி, கிடைத்ததை 1865, 1875 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளோடும், ஊரைவிட்டு வெளியேறியோரைத் தனியே குறித்த தேவாலயப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.