பாலம் ஏறாத வண்டி

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பாம்பனில் மீன் ஏலம் எடுத்து, பைக்கில் பெட்டி கட்டி உச்சிப்புளி, ராமநாதபுரம் வரை கொண்டுபோய் விற்கிறேன். நூறு சிசி வண்டி, எட்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு மாதமாகப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது ரேஸ் மட்டும் கூடுகிறது, வண்டி போவதில்லை. மெக்கானிக் கிளட்ச் அசெம்பிளியையே மாற்றச் சொல்கிறார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். கையில் நேரம் இருக்கிறது, காசு இல்லை. கிணற்று மோட்டாரை நீங்களே பிரித்து மாட்டியது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். விசைப்படகில் டிரைவராக இருந்த எங்கப்பா, "கழட்டுறது சுளுவுடா, மாட்டுறதுக்குத்தான் தெரியணும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக மாற்றலாம். ஆனால் இன்றைக்கே ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் கிளட்ச் லிவரைப் பிடித்துப் பாருங்கள். அதன் நுனி ஒரு விரற்கடை, கணக்காகச் சொன்னால் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அதற்கு அப்புறம்தான் கைக்கு ஸ்பிரிங்கின் கனம் தெரிய வேண்டும். அந்த ஆட்டமே இல்லாமல் கிளட்ச் ஒயர் விறைத்து நின்றால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி விடுபட்டே கிடக்கிறது என்று பொருள். அப்படியிருக்கையில் புதுப் பிளேட் போட்டாலும் சறுக்கத்தான் செய்யும்.

இதை நான் காசைக் கரியாக்கித்தான் கற்றுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் வண்டிக்கு நானே பிளேட் மாற்றினேன். பார்க்கிறவரிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். இரண்டே மாதத்தில் பழைய சறுக்கல் திரும்பி வந்தது. மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மறுபடி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒயர் எஞ்சினில் வந்து மாட்டுகிற அந்தச் சின்னக் கை துருவேறி, முழுசாகத் திரும்பாமல் நின்றுவிட்டிருக்கிறது. ஒயரின் உறைக்குள்ளும் உப்பும் துருவும். அந்தக் கடைப்பக்கம் போக எனக்கு ஒரு மாதம் வெட்கமாக இருந்தது.

உங்கள் வண்டியில் இது இன்னும் மோசமாக இருக்கலாம். வெறும் உப்புக்காற்று போதாதென்று, பெட்டியிலிருந்து மீன் வாடையோடு ஐஸ் தண்ணீர் வேறு சொட்டிக்கொண்டே வருமே. எப்படியும் ஒயரைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஒயர் இழுபட்டு நீண்டால் லிவரின் ஆட்டம் கூடும். பிளேட் தேய்ந்தால் பெரும்பாலான வண்டிகளில் ஆட்டம் குறையும். சமீபத்தில் நீங்கள் ஒயரை அடிக்கடி தளர்த்திவிட வேண்டி வந்ததென்றால் பிளேட்டைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது ஆயில். நம் பைக்குகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கார்களுக்கான ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். உராய்வை வைத்தே பிழைக்கிற கிளட்சுக்கு அது விஷம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று பைக் ஆயிலுக்கான தரக்குறி போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். யாரிடமோ மிச்சம் இருந்தது என்று எதையாவது ஊற்றியிருந்தால், அதை வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிலசமயம் அதோடு தீர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறதா? பிளேட்தான். பாலத்தில் கண்டுபிடித்தேன் என்கிறீர்கள், அது சரிதான். நம் கரையில் மேடு என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? 1988இல் திறந்த அந்தச் சாலைப்பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அடியில் படகு போவதற்காக நடுவில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கையில் பெட்டிக் கனத்தோடு அதில் ஏறினால், தரையில் ஒளிந்துகொண்டிருந்த சறுக்கல் வெளியே வந்துவிடும்.

இனி பிரிக்கிற வேலை. முற்றத்தில் உட்காராதீர்கள். நம் ஊர்க் காற்றில் திறந்த எஞ்சினுக்குள் மணல் போக ஒரு நிமிஷம் போதும். வண்டியை முந்தின நாளே கழுவி, வீட்டுக்குள் ஏற்றி, பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். வலது பக்க மூடியின் போல்ட்டுகள் உப்பில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் சாயங்காலமே விட்டுவையுங்கள். அந்த போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே குத்திவைத்துவிட்டால் மாட்டும்போது குழப்பமில்லை. கிக்கர் தண்டின் வாஷர் ஆயில் பசையில் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து, நாம் பார்க்காத நேரத்தில் எங்கேயாவது விழும். அதைத் தேடி நான் ஓர் இரவு முழுக்கத் தரையைத் தடவியிருக்கிறேன்.

உள்ளே ஸ்பிரிங் போல்ட்டுகள் சின்னவை. ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, கால் சுற்று அரைச் சுற்றாக இளக்குங்கள். இறுக்கும்போதும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு நியூட்டன் மீட்டருக்கு மேல் பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும், முறிந்த துண்டை எடுக்க லேத்துப் பட்டறைக்கு நடக்க வேண்டும். சில நூறு சிசி வண்டிகளில் நடு நட்டைக் கழற்றினால்தான் பிளேட்டே வெளியே வரும். அதற்கென்று நாலு பல் வைத்த சாக்கெட் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கிறது. உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்காது.

உராய்வுக்கான கார்க் பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி வரும். வந்த வரிசையிலேயே அடுக்கிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. பிறகு ஹவுசிங், அதாவது பிளேட்டுகள் உட்காருகிற கூடு. கார்க் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அதன் விரல்களில் பள்ளம் விழும். நகம் லேசாகத் தட்டுகிற அளவென்றால் மெல்லிய அரத்தால் சீவிவிடலாம். காது உட்கார்ந்துகொள்கிற அளவுக்குப் பள்ளம் என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி, அசெம்பிளியாகவே மாற்ற வேண்டும். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருஷம் மீன் சுமந்த வண்டியை இரண்டு தடவை பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் இருக்கிறது.

ஸ்பிரிங்குகளையும் பிளேட்டோடு சேர்த்து மாற்றுங்கள். புதுக் கார்க் பிளேட்டை உலர்ந்த நிலையில் மாட்டாதீர்கள். வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஓர் இரவு ஊறட்டும். மூடிக்கடியில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியம் கீறினால் காலத்துக்கும் ஆயில் கசியும். நான் பனைமட்டையைச் சீவி வைத்துக்கொண்டு சுரண்டுவேன், அதற்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

அப்பா சொன்னதைப் பற்றி. விசைப்படகு கியர்பாக்ஸ்கள் பலவற்றிலும் ஆயிலில் முழுகிய பிளேட்டுகள்தான் வேலை செய்கின்றன. அவர் கை இதைவிடப் பெரிய கிளட்சைப் பார்த்திருக்கும். "சொல்லிக்குடுங்கப்பா" என்று கேட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாட்டத் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிளேட் ஏன் தேய்ந்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. ஏலம் எடுத்த இடத்திலிருந்து ரோடு வரைக்கும் மணல். முழுப் பெட்டியோடு முதல் கியரில், லிவரைப் பாதி பிடித்த ஹாஃப் கிளட்சில் உறும உறும ஏற்றுகிறீர்கள், இல்லையா? அந்த ஐம்பதடியில் தேய்வது பாலத்தில் நூறு தடவை ஏறினாலும் தேயாது. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கட்டுங்கள். ஒரு ஆள் கூலி போகும்தான்.

ஜூன் 15இல் படகுகள் கடலுக்குப் போனாலும் ஏலத்துக்கு மீன் வர மறுநாள் ஆகும். அந்த இடைவெளியில் காலிப் பெட்டியோடு பாலத்தில் ஒருதரம் ஏறி இறங்கிவிட்டு, மண்டபம் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சின் ஆறியதும் லிவரின் ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். புதுப் பிளேட் படிந்ததும் அது கொஞ்சம் மாறியிருக்கும்.

அன்புடன்