ஜனவரியில் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு பிப்ரவரியிலேயே உடைந்துவிடுகிறது, என்ன செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் தேதி ஆண்டவருக்கு முன்பாகத் தீர்மானம் எடுக்கிறார், பிப்ரவரி முடிவதற்குள் எல்லாம் போய்விடுகிறது. இப்படி உடைப்பதற்கு வாக்குக் கொடுக்காமலே இருந்துவிடலாமா என்று கேட்கிறார்.

நானும் பல வருஷம் இதே இடத்தில் நின்றவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு எங்கள் கோயிலில் ஆராதனை தொடங்கும். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது எல்லாரும் முழங்காலில் இருப்போம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் என் தீர்மானங்கள் எல்லாம் பிறக்கும். அப்புறம் அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை, கேக், கைகுலுக்கல், வீட்டுக்கு வந்து தூக்கம்.

2016-இல் நான் எடுத்த தீர்மானங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபம். வெள்ளிதோறும் உபவாசம். வருஷத்துக்குள் வேதாகமத்தை முழுவதும் படிப்பது. யாரிடமும் கோபப்படாமல் இருப்பது. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் வருஷத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இந்தக் கணக்கில் ஜனவரி கடைசியில் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்துக்கு வந்துவிடுவோம். நானும் வந்தேன். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்ததும் அந்த வாரம்தான். ஒரு நாள் விட்டால் மூன்று அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் 23. பாக்கி ஏறிக்கொண்டே போனது, நான் வேதாகமத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன்.

படிக்காமல் போனதைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய நஷ்டம். கடன் கொடுத்தவர் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவோமே, அப்படி நான் ஆண்டவருக்கு ஒளிய ஆரம்பித்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் முதலில் அந்தப் பாக்கிதான் ஞாபகம் வரும். உட்காராமலே இருப்பது லேசாக இருந்தது. அவரோடு நெருங்கி இருக்க எடுத்த தீர்மானமே என்னை அவரிடமிருந்து விலக்கி வைத்தது.

வாக்குக் கொடுக்காமலே இருக்கலாமா என்ற கேள்விக்கு வேதத்தில் நேரடியான பதில் இருக்கிறது. பிரசங்கி ஐந்தாம் அதிகாரம், நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நல்லது என்கிறது. அந்த வசனத்தை நான் ரொம்ப நாள் மிரட்டலாகத்தான் வாசித்தேன். இப்போது பெரியவர் ஒருவர் தோளில் கைவைத்து, "அவசரப்படாதே அம்மா" என்று சொல்வது போலக் கேட்கிறது. மணி அடிக்கும்போது நெஞ்சு நிறைந்து எதையாவது சொல்லத் தோன்றினால், சொல்லாமல் நன்றி மட்டும் செலுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நம் சபைகளில் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, நம்மை மறுபடி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறதே, அதை அப்படி ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. அது மெதடிஸ்டு மரபிலிருந்து வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் 1755 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மாலை இந்த உடன்படிக்கையை நடத்தினார். சுமார் 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்ததாக அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த எண்ணிக்கை அல்ல. அதற்கு முந்தைய நாட்களில் அவர் காலைதோறும் இதன் பொருளை மக்களுக்கு விளக்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பலர் உபவாசம் இருந்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் திங்கட்கிழமை எழுந்து நின்றார்கள். நானோ ஐந்து நிமிஷத்தில் ஒரு வருஷத்தையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த உடன்படிக்கை ஜெபத்தில் நான் இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்ற பட்டியலே கிடையாது. நான் இனி எனக்குச் சொந்தமில்லை, உமக்குச் சொந்தம். வேலையில் வைத்தாலும் பாடுபட வைத்தாலும் சரி, உபயோகித்தாலும் ஓரமாக உட்கார வைத்தாலும் சரி என்பதுதான் அதன் சாரம். பொருத்தனைக்கும் (நேர்ந்துகொள்வதற்கும்) உடன்படிக்கைக்கும் உள்ள வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான். பொருத்தனையில் பெரும்பாலும் ஒரு பேரம் ஒளிந்திருக்கும். வேலை கிடைத்தால் இதைத் தருவேன், பிள்ளைக்குச் சுகமானால் அதைச் செய்வேன் என்போம். உடன்படிக்கையில் நம்மையே கொடுத்துவிடுகிறோம், பேசுவதற்குப் பாக்கி எதுவும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் நான் விழித்திருந்த அந்த வாரமும் அதற்குள் அடக்கம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சரி, அப்படியானால் குறிப்பாக எதையும் தீர்மானிக்கவே வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். எப்படி என்பதை எனக்குக் காட்டியது அம்மாவின் பிடி அரிசி.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது பழைய வழக்கம். சோறு வடிக்க அரிசி அளக்கும்போது, கழுவுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைத்து, பிறகு கோயிலில் காணிக்கையாகச் செலுத்துவார்கள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தாள், மூடியின் ஓரம் துருப்பிடித்தது. படியில் அரிசியை அள்ளுவாள், பாத்திரத்தில் கொட்டுவாள், அதிலிருந்து ஒரு பிடி டின்னுக்குள் போகும். அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன வருஷத்தில் அரைப்படிதான் அள்ளுவாள். அப்போதும் பிடி போகும். "இன்னைக்கு வேண்டாம்மா" என்று ஒருநாள் சொன்னேன். "எடுத்து வச்சாச்சு, இனி அது நம்மது இல்ல" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அம்மா ஒரு நாளும் "தீர்மானம்" என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. அவளுடைய வாக்கு எப்படியும் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலையோடு ஒட்டியிருந்தது. தினமும் உலை வைக்கிறவளுக்கு அது மறக்க வழியே இல்லை. மிச்சத்திலிருந்து எடுக்காமல் முதலிலேயே எடுத்தாள். அதை நம்பி இன்னொரு வீட்டில் அடுப்பு எரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். பத்தாம் அதிகாரத்தில் 80-க்கும் மேற்பட்டவர்கள் பெயர் போட்டு முத்திரை வைக்கிறார்கள். ஓய்வுநாளில் சரக்கு வாங்க மாட்டோம், தேவாலயத்தைக் கைவிட மாட்டோம் என்கிறார்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தில், யூதர்களுக்குத் தலைவராக இருந்த நெகேமியா ராஜாவிடம் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பத்தில் ஒரு பங்கான தசமபாகம் வராமல், ஆலய வேலை செய்த லேவியர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருக்கிறார்கள், தீருவின் வியாபாரிகள் ஓய்வுநாளில் எருசலேமுக்குள் மீன் விற்கிறார்கள். முத்திரை போட்ட அதே காரியங்கள்தான் உடைந்திருக்கின்றன. நெகேமியா பெரியவர்களைக் கடிந்துகொண்டார், ஆனால் அதோடு விடவில்லை. ஓய்வுநாளுக்கு முன் இருட்டும்போதே நகரவாசல்களைப் பூட்டச் சொல்லி, காவலுக்கு ஆளும் நிறுத்தினார். வியாபாரிகள் ஒன்றிரண்டு தடவை மதிலுக்கு வெளியே படுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் தீர்மானம் உடைவது எந்த வாசல் வழியாக என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த செல்போன். இப்போது இரவில் அதை அடுக்களையில் சார்ஜ் போடுகிறேன்.

2020 ஜனவரியில் நான் ஒரே ஒரு தீர்மானம் எடுத்தேன். டிசம்பர் முழுவதும் யோசித்து எடுத்தது. எனக்கும் என் அண்ணனுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. ஊரில் கிணற்றுப் பாத்தியதை சம்பந்தமான தகராறு, அதை இங்கே விரிக்க வேண்டாம். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்த டிசம்பரில் அது என்னை விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாரம் ஒரு தடவை அண்ணனுக்குப் போன் பண்ணுவேன், அவ்வளவுதான் என் வாக்கு. ஞாயிறு கோயிலுக்குக் கட்ட வேண்டிய சேலையை நான் சனி சாயங்காலம்தான் இஸ்திரி போடுவேன். அதை முடித்த கையோடு போன்.

முதல் சனிக்கிழமை மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது வாரம் எடுத்தார், பேசவில்லை. பின்னால் டிவி சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ம்... இப்பதான்" என்றார். "சரிண்ணே, வச்சிரட்டுமா" என்று வைத்துவிட்டேன். கை நடுங்கியது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

அந்த வருஷம் மார்ச்சில் இரண்டு வாரம் விட்டுப்போனது. பழைய நானாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மாவும் பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று வீட்டில் உலை வைக்காத நாட்கள் உண்டு. திரும்பி வந்து அந்த நாட்களின் அரிசியை எண்ணிப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைய பிடியை அன்றைக்குப் போட்டாள். நானும் மூன்றாவது சனிக்கிழமை போன் பண்ணினேன், விட்ட வாரங்களைப் பற்றிப் பேசவில்லை. கிணற்றுத் தகராறு இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அண்ணன் சொல்கிறார், பையன் என்ன படிக்கிறான் என்று கேட்கிறார்.

நீங்கள் இந்த வருஷத் தீர்மானத்தை ஏற்கெனவே விட்டுவிட்டதாக எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். யாக்கோபு வீட்டைவிட்டுப் போகும் வழியில் பெத்தேல் என்ற இடத்தில் கல்லை நிறுத்தி, சுகமாகத் திரும்பி வந்தால் இது தேவனுடைய வீடாகும் என்று ஒரு பொருத்தனை பண்ணினான். அப்புறம் மாமன் லாபான் வீட்டில் 20 வருஷம். திரும்பி வந்தும் நேரே பெத்தேலுக்குப் போகாமல் சுக்கோத்தில் வீடு கட்டினான், சீகேமில் நிலம் வாங்கினான். ஆதியாகமம் 35-ஆம் அதிகாரத்தில் தேவன் அவனிடம் பேசுகிறார். இத்தனை வருஷம் எங்கே போனாய் என்ற கேள்வி அதில் இல்லை. எழுந்து பெத்தேலுக்குப் போ, அங்கே ஒரு பலிபீடம் கட்டு என்கிறார். அவனும் வீட்டில் இருந்த அந்நிய தெய்வங்களை எல்லாம் வாங்கி மரத்தடியில் புதைத்துவிட்டுப் புறப்படுகிறான். அடுத்த ஜனவரி வரைக்கும் நீங்களும் காத்திருக்க வேண்டாம்.